பொதுப் பள்ளியும் சமய போதனையும்



குடிமக்கள் செலுத்தும் வரிப்பணத்தால் நடைபெறும் பள்ளிகளில் சமயத்துக்கு இடம் உண்டா, இல்லையா? உண்டெனில் எவ்வளவு? இல்லையெனில் ஏன்? வினா எளிது. விடை கூறப் புகுந்தால் சட்டமும் வரலாறும் பெற்றோர் மனமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கின்றன. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும், இன்னும் நம் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத சிற்றூர்களிலும், உத்தியோகத்தின் பொருட்டுக் குடியேறி வாழும் நமக்கு இவ்வினா ஏட்டுச் சுரைக்காய் அன்று. மாறுதல் உத்தரவு வந்ததும் நாம் முதலில் தேடுவது வாடகை வீடு. அடுத்துத் தேடுவது பிள்ளைகளுக்குப் பள்ளி. பாடமொழி எது என்று விசாரிக்கிறோம். கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கிறோம். காலை வணக்கத்தில் என்ன ஓதப்படுகிறது, அதில் நம் பிள்ளை கலந்துகொண்டே ஆகவேண்டுமா என்று விசாரிப்போர் மிகச் சிலரே.

முற்காலத்தில் இவ்வினா எழவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடியும் கடவுள் வணக்கமும் ஒரே நாளில் தொடங்கின. வட நாட்டுப் பாடசாலைகளிலும் மக்தபுகளிலும் நிலைமை அதுவே. ஆசிரியருக்கு நெல்லும் காசும் கொடுத்தவர்கள் அவ்வூர்ப் பெற்றோர்கள். கொடுப்போரும் கற்போரும் ஒரே கூட்டத்தார் ஆதலின், ஒருவர் பணம் மற்றொருவர் சமயத்துக்குச் செலவாகிறது என்னும் முறையீட்டுக்கு அங்கே இடமில்லை. அக்கூட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் பிள்ளைகளுக்கோ அத்திண்ணையிலேயே இடமில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

அரசாங்கத்தின் கருவூலத்திலிருந்து பள்ளிக்குப் பணம் வரத் தொடங்கியபோதுதான் வினா பிறந்தது. 1854-ஆம் ஆண்டில் சார்லஸ் உட் இந்தியாவுக்கு அனுப்பிய கல்விச் சாசனம் இதற்கு ஒருவகை விடை தந்தது. அரசினர் பள்ளிகளில் சமயச் சார்பற்ற கல்வியே அளிக்கப்படவேண்டும். விவிலியம் நூலகத்தில் இருக்கலாம். அதைப் பற்றி மாணவன் தானாக வினவினால் பள்ளி நேரத்துக்குப் புறம்பே ஆசிரியர் விடை கூறலாம். தனியார் பள்ளிகளுக்கோ அவை தரும் பொதுக் கல்வியின் தரத்தைப் பார்த்து உதவித் தொகை தரப்படும். அங்கே நடைபெறும் சமய போதனையில் அரசு தலையிடாது. அரசு தானே நடத்தும் பள்ளி, அரசின் உதவிபெற்றுப் பிறர் நடத்தும் பள்ளி என்னும் இருவகைப் பாகுபாடு அன்றே வேரூன்றியது. இன்றுவரை நம் சட்டம் அப்பாகுபாட்டின் மீதே நிற்கிறது.

விடுதலைக்குப் பின், 1948 டிசம்பரில், அரசியல் நிர்ணய சபை இப்பொருளை எடுத்துக்கொண்டது. நாடு பிரிவினை கண்டு ஓராண்டு சென்றிருந்தது. சமயத்தின் பெயரால் சிந்திய குருதி உலர்ந்திருக்கவில்லை. சமயக் கல்வி இல்லாவிடில் ஒழுக்கம் கெடும் என்று அஞ்சியோர் சபையில் இருந்தனர். அரசு ஓரளவே பணம் தரும் பள்ளிகளிலும் சமய போதனை கூடாது என்று வாதாடியோரும் இருந்தனர். அவர்களுக்கு மறுமொழி கூறிய டாக்டர் அம்பேத்கர் காட்டிய காரணங்களின் சாரம் இது: எந்த ஒரு சமயத்தையும் வளர்ப்பதற்கென்று வரி விதிக்கலாகாது என்னும் கொள்கையைச் சபை ஏற்றுவிட்டது, வரிப்பணத்தால் நடக்கும் பள்ளியில் சமயம் போதித்தால் அக்கொள்கை குலையும். அன்றியும், ஒரே பள்ளியில் பல சமயத்துப் பிள்ளைகள் பயில்கையில், எல்லாருக்கும் அவரவர் சமயத்தைப் போதிப்பது நடவாத காரியம். தன் வழியே மீட்சிக்கு உரிய ஒரே வழி என்று ஒவ்வொரு சமயமும் உரிமை கொண்டாடும்போது, வகுப்பறையின் அமைதியே குலைந்துவிடும்.

இவ்விவாதத்தின் விளைவே அரசியலமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. அது பள்ளிகளை மூன்று வகையாகப் பார்க்கிறது. முழுவதும் அரசுப் பணத்தால் நடைபெறும் பள்ளியில் சமய போதனை அறவே கூடாது. பெற்றோர் அனைவரும் விரும்பினாலும் கூடாது. சமய போதனை அளிக்கவேண்டும் என்னும் நிபந்தனையோடு ஏற்பட்ட அறக்கட்டளையின்கீழ் நிறுவப்பட்டு, நிருவாகம் மட்டும் அரசிடம் உள்ள நிலையங்களுக்கு இத்தடை இல்லை. மூன்றாவதாக, அரசின் அங்கீகாரமோ உதவிப் பணமோ பெற்ற பள்ளிகளில் சமய போதனையும் வழிபாடும் நிகழலாம். ஆனால், மாணவனோ, அவன் வயதுக்கு வராதவனாயின் அவனுடைய பெற்றோரோ பாதுகாவலரோ இசைவு தந்திருந்தாலன்றி, அவனை அவற்றில் கலந்துகொள்ளச் செய்தல் ஆகாது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் நான். ஆதலின் இப்பிரிவிலுள்ள சொற்களின் மீது என் கண் தங்குவது இயல்பு. ஆங்கில மூலத்தில் உள்ள சொல் 'இன்ஸ்ட்ரக்ஷன்'; 'எஜுகேஷன்' அன்று. முன்னதைப் போதனை என்றும், பின்னதைக் கல்வி என்றும் தமிழில் பிரித்துரைக்க முடியும். இந்திப் பாடத்திலோ 'தார்மிக் சிக்ஷா' என்று இருக்கிறது. அங்கே 'சிக்ஷா' என்னும் ஒரு சொல்லே போதனைக்கும் கல்விக்கும் நின்று உழைக்கிறது. 'தார்மிக்' என்ற சொல் தமிழர் காதில் விழுந்ததும் நேர்வதோ வேறொரு வேடிக்கை. தார்மிகப் பொறுப்பு என்று நாம் கூறுவது அறத்தின்பாற்பட்ட பொறுப்பை. வடக்கே 'தார்மிக்' என்றால் சமயத்தைச் சார்ந்தது. நாம் தருமம் என்றால் ஈகையும் அறமும் நினைவுக்கு வரும். அவர்கள் 'தர்ம்' என்றால் மதம். நாம் சமயம் என்றால் அவர்களுக்கு அது வேளை. நாம் மதம் என்றால் அவர்களுக்கு அது கருத்து, வாக்கு. இந்தச் சொற்குழப்பத்தில் சட்டமும் சிக்கியிருக்கிறது. 1976-இல் முகவுரையில் 'செக்யூலர்' என்னும் சொல் சேர்க்கப்பட்டபோது, இந்திப் பாடத்தில் அதற்கு இட்ட சொல் 'பந்த் நிரபேக்ஷ்' என்பது. தர்மத்தைச் சாராதது என்று சொல்லக் கூசி, பந்தத்தை, அதாவது சமய மார்க்கத்தைச் சாராதது என்று கூறினர்.

இதை வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளிவிடலாகாது. பள்ளியில் 'தார்மிக் சிக்ஷா' உண்டு என்று கேள்விப்படும் தமிழ்ப் பெற்றோர், நல்லொழுக்கப் பாடம் போலும் என்று எண்ணி வாளா இருந்துவிடுதல் கூடும். அறம் வேறு, சமயம் வேறு என்னும் தெளிவு தமிழில் சொல்லளவிலேயே அமைந்திருக்கிறது. அத்தெளிவை நாம் சென்ற இடமெல்லாம் உடன்கொண்டு செல்லுதல் நன்று.

போதனை கூடாது என்றால், சமயம் என்ற பேச்சே பள்ளிக்குள் நுழையலாகாதோ எனின், அவ்வாறு சட்டம் கூறவில்லை. சென்னை மாநிலத்தில் ஆளுநராக இருந்தவரும் பின்னர்ப் பம்பாயில் அப்பதவி வகித்தவருமான ஸ்ரீபிரகாசா தலைமையில் 1959-இல் அமைந்த குழு, பள்ளிகள் சில நிமிட மௌன தியானத்தோடு நாளைத் தொடங்குவது நல்லது என்றது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, சமயக் கல்வி வேறு, சமயங்களைப் பற்றிய கல்வி வேறு என்று கோடு கிழித்தது. ஒரு சமயத்தின் கோட்பாடுகளை ஒரு பிள்ளைக்குப் புகட்டுதல் பல சமயத்தார் வாழும் நாட்டின் அரசுக்கு ஏலாது. எல்லாச் சமயங்களையும் பரிவோடு அறிந்துகொள்ளச் செய்தலோ அவ்வரசுக்கு இன்றியமையாதது என்பது அக்குழுவின் முடிவு. உச்சநீதிமன்றமும் இவ்வழியே சென்றது. குரு நானக் பல்கலைக்கழகச் சட்டம் பற்றி 1971-இல் தீர்ப்பளிக்கையில், குரு நானக்கின் வாழ்வையும் வாக்கையும் ஆராய்ச்சி முறையில் பயில்வது சமய போதனை ஆகாது என்றது. பள்ளிப் பாடத்திட்டம் பற்றி 2002-இல் எழுந்த வழக்கிலும், சமயங்களைப் பற்றிப் பயில்வதற்குத் தடையில்லை என்று தீர்ப்பாயிற்று.

தமிழ் கற்கும் பிள்ளைக்கு இது புதுமை அன்று. மணிமேகலை பௌத்தரின் காப்பியம். சீவக சிந்தாமணி சமணரின் காப்பியம். தேவாரம் சைவம், திவ்வியப் பிரபந்தம் வைணவம். சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் வரலாறு. தேம்பாவணி சூசையப்பரின் வரலாறு, அதை இயற்றியவரோ இத்தாலியிலிருந்து வந்த துறவி. இவற்றை நீக்கிவிட்டால் தமிழ்ப் பாடநூலில் எஞ்சுவது மிகக் குறைவு. சைவ ஆசிரியர் சீறாப்புராணம் நடத்துகிறார். இஸ்லாமிய ஆசிரியர் தேவாரம் நடத்துகிறார். எவரும் எவருடைய நெஞ்சையும் மாற்றப் புகுவதில்லை.

ஆயினும், போதனை எங்கே முடிகிறது, அறிவு எங்கே தொடங்குகிறது என்று எவ்வாறு கண்டுகொள்வது? எளிய உரைகல் ஒன்று உண்டு. பாடத்தின் முடிவில் தேர்வு வைத்தால், அச்சமயத்தை நம்பாத பிள்ளையும் முழு மதிப்பெண் பெற முடியுமா? முடியுமாயின் அது கல்வி. 'முஸ்லிம்கள் நாளொன்றுக்கு எத்தனை முறை தொழுவர்?' என்ற வினாவுக்கு எந்தப் பிள்ளையும் விடை எழுதலாம். 'நாம் ஏன் இவரை வணங்கவேண்டும்?' என்ற வினாவுக்கு நம்புகிற பிள்ளைதான் பொய் கூறாமல் விடை எழுத முடியும். பொதுப் பணத்தில் முதல் வினாவுக்கு இடம் உண்டு. இரண்டாம் வினாவுக்கு இல்லை.

இனி எதிர்வாதத்தைக் கேட்போம். 'எங்கள் நூலில் உள்ளது எல்லா மனிதருக்கும் பொதுவான அறம். அதை ஓதுவதால் எவருக்கு என்ன குறை?' என்று நல்லெண்ணத்தோடு கேட்போர் பலர். குஜராத்தில் ஆறாம் வகுப்பு முதல் பகவத் கீதையைப் பாடத்தில் சேர்ப்பதாக 2022 மார்ச்சில் அம்மாநில அரசு அறிவித்தபோதும் இத்தகைய வாதமே கேட்டது. கீதை உலகோர் போற்றும் தத்துவ நூல் என்பதில் ஐயமில்லை. ஏனைய நூல்களும் அதனருகே வைக்கப்படுகின்றனவா, அதன் பொருளை ஆராய்ந்து வினவப் பிள்ளைக்கு உரிமை உண்டா என்பவற்றைக் கொண்டே அது கல்வியா, போதனையா என்று கூறவேண்டும்.

நம்மில் பலருடைய பிள்ளைகள் பயிலும் கேந்திரிய வித்யாலயங்களைப் பற்றியும் இவ்வினா எழுந்தது. மாறுதலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கென 1963-இல் தொடங்கப்பட்டவை இப்பள்ளிகள். அவற்றின் காலை வணக்கத்தில் பிருகதாரணியக உபநிடதத்து வரிகள் ஓதப்படுவது 28-ஆவது பிரிவுக்கு முரண் என்று 2017-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. அவ்வரிகள் எல்லாருக்கும் பொதுவான உண்மையைக் கூறுகின்றன. வடமொழியில் இருப்பதாலேயே அவை சமயம் ஆகிவிடா. இந்நீதிமன்றத்தின் குறிக்கோள் வாசகமும் வடமொழியிலேயே உள்ளது என்று அரசின் தரப்பில் வாதிடப்பட்டது. 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, இது பெரிய அமர்வு முடிவு செய்யவேண்டிய பொருள் என்று கருதி மேலே அனுப்பியது. வழக்கின் நுட்பம் கவனிக்கத்தக்கது. அரசு முழுப்பணமும் தரும் பள்ளி பற்றிய முதல் உட்பிரிவில் 'போதனை' என்ற சொல் மட்டுமே இருக்கிறது. 'வழிபாடு' என்ற சொல் மூன்றாம் உட்பிரிவில்தான் வருகிறது. நாள்தோறும் கைகூப்பி ஓதும் வணக்கம் போதனையும் ஆகுமா என்பதே முடிச்சு.

நீதிமன்றம் எவ்வாறு அவிழ்த்தாலும், ஒன்றைப் புலம்பெயர்ந்தோராகிய நாம் நன்கு அறிவோம். பெரும்பான்மையோருக்குத் தம் வழக்கம் வழக்கமாகவே தோன்றுவதில்லை. உலகின் இயல்பாகவே தோன்றும். நாம் உண்பதும் உடுப்பதும் பேசுவதும்தான் அவ்வூரில் 'வழக்கம்' எனக் குறிக்கப்படும். சைவத் தமிழ்க் குடும்பத்துக்கு அக்காலை வணக்கத்தில் இடர்ப்பாடு தோன்றாமல் இருக்கலாம். ஆனால் தமிழர் என்போர் சைவரும் வைணவரும் மட்டும் அல்லர். நாகர்கோயில் கிறிஸ்தவரும் காயல்பட்டினத்து முஸ்லிமும், கடவுள் இல்லை என்று கருதும் ஈரோட்டுப் பகுத்தறிவாளரும் தமிழரே. அவர்களும் நம்மோடு இரயிலேறி வந்தவர்களே.

சட்டம் எல்லாச் சமயத்தார்க்கும் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. அஸ்ஸாமில் அரசே முழுச் செலவையும் ஏற்று நடத்திய மதரஸாக்களைப் பொதுப் பள்ளிகளாக மாற்றிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தை, 2022 பிப்ரவரியில் குவாஹாட்டி உயர்நீதிமன்றம் இம்முதல் உட்பிரிவைக் காட்டியே நிலைநிறுத்தியது. சமூகத்தார் தம் பொறுப்பில் நடத்தும் மதரஸாக்களை அது தொடவில்லை. உத்தரப் பிரதேசத்து மதரஸாக் கல்வி வாரியச் சட்டம் செல்லும் என்று 2024 நவம்பரில் கூறிய உச்சநீதிமன்றமும், உயர்பட்டங்கள் பற்றிய பகுதியை மட்டும் நீக்கி, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சமய போதனைக்கு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பதை நினைவூட்டியது. மாணவியரின் தலைத்துணி பற்றிய கர்நாடக வழக்கு சிலர் நினைவுக்கு வரலாம். 2022 அக்டோபரில் அதனை விசாரித்த இரு நீதிபதிகளும் மாறுபட்டனர். அது பிள்ளை தன்னோடு பள்ளிக்குக் கொண்டுவரும் சமயத்தைப் பற்றியது. நாம் பேசுவது பள்ளி பிள்ளைக்குக் கொடுக்கும் சமயத்தைப் பற்றி.

இப்பொழுது மூன்றாம் உட்பிரிவுக்கு வருவோம். நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பயில்வது உதவி பெறும் பள்ளியிலோ அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளியிலோ ஆதலின், நம்மை நேரே தொடுவது இதுவே. அதன் சொற்களை மீண்டும் நோக்குக. 'பெற்றோர் மறுத்திருந்தால் விலக்கு அளிக்கப்படும்' என்று அது கூறவில்லை. 'இசைவு தந்திருந்தாலன்றிக் கலந்துகொள்ளச் செய்தல் ஆகாது' என்று கூறுகிறது. இவ்விரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முன்னதில் மௌனம் சம்மதம் ஆகிவிடும். பின்னதில் மௌனத்துக்குச் சம்மதம் என்று பொருளில்லை. கேட்க வேண்டிய கடமை பள்ளியினுடையது. பல பள்ளிகளில் நடைமுறையோ தலைகீழாக இருக்கிறது. எல்லாரும் வரிசையில் நிற்கவேண்டும். விருப்பமில்லாதவர் எழுதித் தரலாம் என்பர். எழுதித் தருபவர் ஊருக்குப் புதியவர், மொழி தெரியாதவர், அடுத்த ஆண்டு தம்பிக்கும் அப்பள்ளியில் இடம் கேட்கவேண்டியவர். அவர் எங்ஙனம் எழுதுவார்?

எழுதினார் என்றே கொள்வோம். விலை கொடுப்பது பிள்ளை. பத்து வயதுப் பிள்ளைக்கு மோட்சம், நரகம் என்பவை எட்டாத பொருள்கள்; தோழர்களின் வரிசை எட்டிய பொருள். நானூறு பேர் கைகூப்பி நிற்கையில் ஒருவன் மட்டும் வகுப்பறையில் தனியே அமர்ந்திருப்பது சட்டப்படி சுதந்திரமாக இருக்கலாம். அப்பிள்ளைக்கு அது தண்டனையே. இந்தச் சோதனை எத்துணைக் கடுமையானது என்பதைக் கேரளத்தில் 1985-இல் நிகழ்ந்த ஒன்று காட்டியது. யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் இசைக்கப்படுகையில் மரியாதையோடு எழுந்து நின்றனர். தம் சமயக் கொள்கையின்படி வாய் திறந்து பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். அங்கே பாடப்பட்டது வழிபாட்டுப் பாடல் அன்று. எனினும் மனச்சான்றின் வினா இதே வினாதான். 1986 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டியின் தீர்ப்பால், அப்பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ளப் பணித்தது. பொறுத்துப் போதல் இந்நாட்டின் மரபு என்றும், அரசியலமைப்புச் சட்டம் அதனையே கடைப்பிடிக்கிறது என்றும் அத்தீர்ப்பு கூறியது. நாடே ஒருமுகமாகப் போற்றும் பாடலிலும் மூன்று பிள்ளைகளின் மௌனத்துக்கு இடம் உண்டெனின், வழிபாட்டில் அம்மௌனத்துக்கு இடமில்லை என்று எவர் கூறமுடியும்?

நாம் செய்யத்தக்கவை யாவை? பிள்ளையைச் சேர்க்கும்போதே காலை வணக்கம் பற்றிக் கேட்போம். அங்கீகாரம் பெற்ற பள்ளியாயின், இசைவோ மறுப்போ, எழுத்தில் தருவோம். நமக்குக் குறையில்லாத பள்ளியிலும், அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் குறை உண்டா என்று கேட்போம். சிறுபான்மையோரின் குறையைப் பெரும்பான்மையோரில் ஒருவர் எடுத்துரைத்தால் பள்ளித் தலைவர் செவி சாய்ப்பார்.

அதே அளவுகோல் நமக்கும் உண்டு. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தார் ஏழு பள்ளிகள் நடத்துகின்றனர். மும்பை மாதுங்காவில் 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இன்றும் பள்ளிகள் நடத்துகிறது. மொழிச் சிறுபான்மையோர் என்ற முறையில் கல்வி நிலையங்களை நிறுவி நடத்த 30-ஆவது பிரிவு நமக்கு உரிமை தந்திருக்கிறது. இத்தகைய தமிழர் பள்ளி எதிலும், தமிழ் வணக்கம் பாடும்போது, பஞ்சாபிப் பிள்ளைக்கும் தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைக்கும் நாம் கேட்கும் அதே மதிப்பு கிடைக்கவேண்டும். அயலூரில் உரிமை கேட்பவன், தன் வீட்டுக்குள் அதை மறுத்தலாகாது.

சமயத்துக்கு உரிய இடம் இல்லாமற் போய்விடுமோ என்னும் அச்சமும் வேண்டுவதில்லை. தில்லி இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் சுவாமிநாதப் பெருமான் கோயில், தமிழன்பர்களின் முயற்சியால் எழுந்து 1973-இல் குடமுழுக்குக் கண்டது. மனமுவந்து வருவோர் வருகின்றனர். விரும்பாதோர் குன்றின் அடியிலேயே தம் வழி செல்கின்றனர். வீட்டுப் பூசை மாடமும் தேவாலயமும் பள்ளிவாசலும் அத்தகையவையே. அங்கே தாயும் தந்தையும் தாம் நம்புவதைப் பிள்ளைக்கு முழு மனத்தோடு சொல்லலாம். பள்ளியிலோ அதிகாரம் படைத்த ஆசிரியர், மறுத்துப் பேச வலிமையற்ற பிள்ளைக்குச் சொல்கிறார். இடம் மாறினால் ஒரே சொல் அருளாகவும் அமையும், ஆணையாகவும் அமையும்.

எல்லார் பணத்தாலும் நடைபெறும் பள்ளியில் எல்லார் பிள்ளைகளும் கூச்சமின்றி ஒரே வரிசையில் நிற்கவேண்டும். அங்கே பல சமயங்களை அறிந்துகொள்ளட்டும்; எதை நம்புவது என்பதை வீடும் அவர்தம் வளர்ந்த அறிவும் முடிவு செய்யட்டும். சட்டம் இதற்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இசைவு கேட்கப்படாத இடத்தில் 'எங்களைக் கேட்டீர்களா?' என்று பணிவோடு ஒரு முறை வினவுவது பெற்றோராகிய நம் கையில் இருக்கிறது.